குறை கேட்கும் நாற்காலி

சென்னைப் பெரம்பூர் பக்கம் பக்கிங்காம், கர்நாடிக் என்று அடுத்தடுத்து இரண்டு பஞ்சாலைகள் இருந்தன. இரண்டையும் நடத்தியது பின்னி கம்பெனி. 1918-இல் இரண்டிலும் சேர்த்துச் சுமார் பத்தாயிரம் பேர் வேலை பார்த்தார்கள். விடியற்காலையில் உள்ளே போனால் பொழுது சாய்ந்துதான் வெளியே வரலாம். அப்போது நடப்பில் இருந்த 1911-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே ஜவுளி ஆலையில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்க இடம் கொடுத்தது. நடுவில் சாப்பாட்டுக்கு விட்டது அரை மணி. அதற்குள் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்து, கொண்டுவந்த சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டு, கை கழுவி, மறுபடி இயந்திரத்தின் முன்னால் நிற்க வேண்டும். இந்த அரை மணியை நாற்பது நிமிடமாக்குங்கள் என்பது அந்த ஆண்டு எழுந்த முதல் கோரிக்கைகளில் ஒன்று. கேட்டது பத்தே நிமிடம்.

அந்தப் பத்து நிமிடத்தை யாரிடம் போய்க் கேட்பது? மேலே இருந்தவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகள். அவர்களைப் பார்க்க மேஸ்திரியைத் தாண்டித்தான் போக வேண்டும். பல சமயம் குறையே அந்த மேஸ்திரியைப் பற்றியதாக இருக்கும். ஆள் எடுப்பது, லீவு தருவது, சண்டை தீர்ப்பது, தப்புச் செய்தவரை விசாரிப்பது, வீட்டுக்கு அனுப்புவது என்று இன்று 'ஹெச்.ஆர்.' துறையின் கையில் இருக்கிற அத்தனையும் அன்று அந்த ஒரு மனிதரின் கையில் இருந்தன.

சம்பளப் பட்டியலில் மேஸ்திரியும் ஒரு பெயர்தான். ஆனால் ஊரிலிருந்து ஆள் கூட்டி வருபவர் அவர். யாருக்கு எந்த இயந்திரம் என்று சொல்பவர் அவர். நேரம் தவறி வந்தவரை உள்ளே விடலாமா என்று முடிவு செய்பவரும் அவசரத்துக்குக் கைமாற்றுக் கொடுப்பவரும் அவரே. வேலையில் சேர மாமூல், நாலு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் பழைய இடம் கிடைக்க மாமூல். முதலாளிகளுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் விட்டுவைத்தார்கள். ஆள் பிடிக்கவும் அடக்கவும் தனிச் சம்பளத்தில் அதிகாரி வைப்பதைவிட, தொழிலாளியின் மடியிலிருந்தே தன் பங்கை எடுத்துக்கொள்ளும் ஒருவரை வைத்துக்கொள்வது மலிவு. பம்பாயில் ஜாபர், வங்காளச் சணல் ஆலையில் சர்தார், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கங்காணி என்று இடத்துக்கு ஒரு பெயர், வேலை ஒன்றுதான்.

கங்காணி ஒரு படி மேலே போனவர். தமிழ்நாட்டுக் கிராமங்களில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்து, கடல் தாண்டிக் கூட்டிப் போவார். வழிச்செலவு, அரிசி, துணி எல்லாம் கடன் கணக்கில் ஏறும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக 'துண்டு' வேண்டும். அது தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. இவ்வளவு கடனை அடைத்தால் இந்தக் கங்காணியையும் இவர் ஆட்களையும் விட்டுவிடத் தயார் என்று அதில் இருக்கும். புதுத் தோட்டம் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடனும் அவர்களோடு சேர்ந்து இடம் மாறும். 1921-இல் இலங்கையில் சட்டம் போட்டு இந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். ரிலீவிங் லெட்டர் தராமல் இழுத்தடிக்கும் கம்பெனியிடம் மாட்டியவர்களுக்கும், நோட்டீஸ் காலத்துக்குப் புதுக் கம்பெனி பணம் கட்டி 'வாங்கி' எடுத்துக்கொண்டவர்களுக்கும் இந்தச் சீட்டு கொஞ்சம் பழக்கப்பட்டதாகத் தோன்றும். இந்த ஒப்புமையை இதற்கு மேல் நீட்டுவது நியாயமில்லை. தோட்டத் தொழிலாளி கடனில் பிறந்து கடனில் செத்தார். பொறியாளருக்கு அந்த நிலை இல்லை.

வேலையை விட்டுப் போவதே குற்றமாக இருந்த காலமும் உண்டு. 1859-இல் வந்த ஒப்பந்த மீறல் சட்டம் முதலில் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களுக்காகப் போடப்பட்டது. முன்பணம் வாங்கிய கைவினைஞரோ கூலியாளோ வேண்டுமென்றே வேலைக்கு வராமல் போனால், முதலாளி நேரே மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பணத்தைக் கொடு, அல்லது வேலையை முடித்துக் கொடு என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடுவார். கேட்காவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. சட்டம் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு: கூலி தராத முதலாளியை அதன் கீழ் இழுத்துப் போக வழியில்லை. இந்தச் சட்டத்தை நீக்க 1925 வரை ஆயிற்று.

இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் 1908-இல் தூத்துக்குடி கோரல் ஆலையில் நடந்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். பிப்ரவரி 27 அன்று தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. கூலி உயர்வு, வாராந்திர ஓய்வு நாள், லீவு ஆகியவை கோரிக்கைகள். வ.உ.சிதம்பரமும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களிடையே பேசி வந்தவர்கள். ஊரே சேர்ந்து சோறு போட்டது. மார்ச் முதல் வாரம் முடிவதற்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. ஆனால் அடுத்த சில நாள்களிலேயே வ.உ.சி. கைதானார், கோரலில் நிலையான சங்கம் எதுவும் வேர் பிடிக்கவில்லை. அடுத்த குறை வந்தால் எங்கே போவது என்ற கேள்வி அப்படியே நின்றது.

பெரம்பூரில் அதற்குப் பதில் வந்தது ஒரு பஜனை சபையிலிருந்து. ஆலைப் பக்கத்தில் செல்வபதி செட்டியார், ராமாஞ்சலு நாயுடு என்ற இரண்டு சிறு வணிகர்கள் ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற பக்திச் சபையை நடத்தினார்கள். பிரசங்கம் கேட்கத் தொழிலாளர்கள் வருவார்கள். வந்த இடத்தில் மனக்குறையைக் கொட்டுவார்கள். இப்போதைய பாஷையில் சொன்னால், இந்தப் பகுதியின் முதல் குறைதீர்ப்பு மன்றம் அந்தச் சபைதான். அதற்குச் சட்டமும் கிடையாது, சம்பளமும் கிடையாது. கேட்பவருக்கு ஆலையோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பதே அதன் பலம். மேஸ்திரியைப் பற்றி மேஸ்திரியிடம் சொல்ல முடியாததை இவர்களிடம் சொல்ல முடிந்தது.

கேட்டதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அந்த இருவருக்கும் தெரியவில்லை. அன்னி பெசன்ட் நடத்திய 'நியூ இந்தியா' பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே ஆசிரியர் குழுவில் இருந்த பி.பி.வாடியா அகப்பட்டார். பம்பாய்ப் பார்சி, தமிழ் தெரியாது. அவர் பெரம்பூருக்கு வந்து ஆங்கிலத்தில் பேச, திரு.வி.க. தமிழில் பேசினார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. முறையாக அமைப்பு, உறுப்பினர், சந்தா என்று இயங்கிய முதல் இந்தியத் தொழிற்சங்கம் என்று இதைத்தான் வரலாற்றில் எழுதுகிறார்கள். வாடியா தலைவர், செட்டியாரும் நாயுடுவும் செயலாளர்கள். சாப்பாட்டு நேரம் நாற்பது நிமிடமானது.

அதே ஆண்டின் தொடக்கத்தில் அகமதாபாத்தில் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. அங்கே ஆலை முதலாளிகளின் தலைவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய சொந்தச் சகோதரி அனசூயா. காந்தி நடுவில் வந்தார். 35 சதவீத உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தம் மத்தியஸ்தரிடம் போனது. அங்கிருந்து 1920-இல் வளர்ந்த மஜூர் மகாஜன் சங்கம் தொழிலாளியின் புகாரை எழுதி வாங்கி, ஆளை அனுப்பி விசாரித்து, நிர்வாகத்தோடு பேசித் தீர்ப்பதை அன்றாட வேலையாகவே ஆக்கிக்கொண்டது. சென்னைக்கு அந்த நிதானம் கிடைக்கவில்லை.

1920 அக்டோபரில் பக்கிங்காம் ஆலையில் மூண்ட தகராறு கதவடைப்பில் போய் நின்றது. பின்னி கம்பெனி உயர் நீதிமன்றத்துக்குப் போய், சங்கத் தலைவர்கள் தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டுகிறார்கள் என்று வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. சங்கம் வைத்து நடத்துவதற்கே சட்டப் பாதுகாப்பு இல்லை என்பது இந்த ஒரு வழக்கில் நாடு முழுவதற்கும் தெரிந்துபோயிற்று. 1921 மார்ச்சில் மத்திய சட்டசபையில் தொழிலாளர் பிரதிநிதி என்.எம்.ஜோஷி இதை எழுப்பினார். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பெரம்பூர்த் தடை உத்தரவுதான் அதற்கு விதை.

அடுத்த வேலைநிறுத்தம் 1921 ஜூனில் தொடங்கி மாதக்கணக்கில் நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. சங்கத்தின் வரலாற்றை எழுதியவர்கள் இதை நிர்வாகத்தின் பிரித்தாளும் சூழ்ச்சியாகவே பெரும்பாலும் எழுதினார்கள். அது பாதி உண்மை. ஊருக்குள் ஒதுக்கப்பட்டவர்களுக்கு ஆலைக் கூலி ஒன்றுதான் பிடிமானம் என்பதையும், பட்டினி கிடக்கும் வலிமை எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை என்பதையும் சங்கத் தலைமை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரே கூரையின் கீழ் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே நிலையில் இல்லை. இன்றுவரை பணியிடத் தகராறுகளில் நிர்வாகமும் சங்கமும் சேர்ந்தே கோட்டைவிடும் இடம் இது.

அக்டோபரில் சங்கம் தோற்று வேலைநிறுத்தம் முடிந்தது. 1922-இல் பின்னி ஆலைகளில் தொழிலாளர் பிரதிநிதிகளைக் கொண்ட நலக் குழு ஒன்று அமைந்தது. பள்ளிக்கூடம், மருத்துவம், குடியிருப்பு என்று நலத் திட்டங்களுக்காக இந்த ஆலைகள் நாடெங்கும் பேர் வாங்கியவை. மாகாணத்திலேயே அதிக வசதி செய்து கொடுத்த ஆலையில்தான் மாகாணத்திலேயே கசப்பான போராட்டமும் நடந்தது என்பதில் முரண் ஒன்றுமில்லை. வசதி கேட்டால் கொடுத்தார்கள். வாய் திறந்து கேட்கும் உரிமையைத்தான் கொடுக்க மறுத்தார்கள்.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் ஒரு வழி சொல்லும்படி 1929-இல் அரச ஆணையம் ஒன்று அமைந்தது. தலைவர் ஜே.எச்.விட்லி, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன்னாள் சபாநாயகர். உறுப்பினர்களில் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியும் இருந்தார், என்.எம்.ஜோஷியும் இருந்தார், ஜி.டி.பிர்லாவும் இருந்தார். 1931-இல் வந்த அறிக்கை மேஸ்திரி முறையின் மீதுதான் முதலில் கை வைத்தது. ஆள் எடுப்பதையும் நீக்குவதையும் அவரிடமிருந்து பிடுங்கி, 'லேபர் ஆபீசர்' என்ற புது அதிகாரியிடம் கொடுக்கச் சொன்னது. அவர் பொது மேலாளருக்கு மட்டுமே கட்டுப்பட்டவராக இருக்க வேண்டும். நேர்மை வேண்டும், மனிதரைப் புரிந்துகொள்ளும் குணம் வேண்டும், தொழிலாளியின் பாஷை தெரிந்திருக்க வேண்டும். அவரிடம் கேட்காமல் யாரையும் வேலையை விட்டு அனுப்பக் கூடாது. இன்றைய ஹெச்.ஆர். மேலாளருக்கான விளம்பரங்களில் இருப்பதைவிட இந்தத் தகுதிப் பட்டியல் கறாரானது.

பம்பாய் முதலில் செய்து பார்த்தது. 1934-இல் மாகாண அரசு தன் பங்குக்கு ஒரு லேபர் ஆபீசரை நியமித்தது. மறு வருடம் ஆலை முதலாளிகள் சங்கமும் தன் பங்குக்கு ஒருவரை வைத்தது. ஒருவர் அரசின் ஆள், இன்னொருவர் முதலாளியின் ஆள். இரண்டு பேருமே தொழிலாளியின் குறையைக் கேட்கத்தான் வந்தார்கள். யார் சம்பளத்தில் உட்கார்ந்து யாருக்காகக் கேட்பது என்ற சிக்கல் அந்த நாற்காலி போடப்பட்ட அன்றே தொடங்கிவிட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஐந்நூறு பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தொழிற்சாலையில் நல அலுவலர் கட்டாயம் என்றது 49-ஆம் பிரிவு. சென்னை மாநிலத்தில் இதற்கான விதிகள் 1953-இல் வந்தன. நாடு முழுவதற்குமான மாதிரி விதிகளில் ஓர் அருமையான தடை இருந்தது: நல அலுவலர் தொழிலாளிக்கு எதிரான ஒழுங்கு நடவடிக்கைகளைக் கையாளக் கூடாது, தொழிலாளிக்கு எதிராக நிர்வாகத்தின் சார்பில் எந்த நீதிமன்றத்திலும் போய் நிற்கவும் கூடாது. காலையில் குறை கேட்டவர் மாலையில் குற்றம் சாட்டினால் மறுநாள் யாரும் குறை சொல்ல வர மாட்டார்கள் என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நடைமுறையில் அந்தச் சுவர் நிற்கவில்லை. நல அலுவலரின் அன்றாடம் என்பது கேன்டீன் சாம்பாரில் தண்ணீர் கூடிவிட்டது, குழந்தைகள் காப்பகத்தில் ஆயா வரவில்லை, கழிப்பறையில் குழாய் உடைந்தது, எச்சில் தொட்டி நிரம்பிவிட்டது என்று போகும். எச்சில் தொட்டி வைப்பதற்கே அந்தச் சட்டத்தில் தனிப் பிரிவு இருந்தது. இதற்கு நடுவில் மேலாளர் கூப்பிட்டு, 'நீங்கள்தான் ஆட்களோடு நெருக்கமாக இருக்கிறீர்கள், இந்தச் சார்ஜ் ஷீட்டைக் கொஞ்சம் தயார் செய்து கொடுங்கள்' என்பார். மறுத்தால் அடுத்த ஊதிய உயர்வு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். 1969-இல் கஜேந்திரகட்கர் தலைமையிலான தேசியத் தொழிலாளர் ஆணையமும் நல அலுவலரை நிர்வாகத்துக்காகத் தகராறு பேச அனுப்பக் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒழுங்காக நடந்திருந்தால் அதைச் சொல்லும் தேவையே வந்திருக்காது.

ஒழுங்கு நடவடிக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. மேஸ்திரி காலத்தில் 'நாளையிலிருந்து வராதே' என்ற ஒரு வாக்கியத்தில் எல்லாம் முடிந்துவிடும். 1946-இல் வந்த நிலையாணைச் சட்டம், நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள தொழிலகங்களில் எது குற்றம், என்ன தண்டனை என்று முன்கூட்டியே எழுதி, அரசு அதிகாரியிடம் சான்று வாங்கி, தொழிலாளர்களில் பெரும்பாலானவர்களுக்குப் புரியும் மொழியில் வாசலருகே பலகையில் ஒட்டி வைக்கச் சொன்னது. மேலதிகாரி சொன்னதை வேண்டுமென்றே மீறுவது, திருட்டு, அடிக்கடி தாமதமாக வருவது, பத்து நாளுக்கு மேல் சொல்லாமல் நிற்பது, லஞ்சம், அடிதடி என்று பட்டியல் போகும். ஆலைகளில் வாய்ச்சொல்லாக நடந்த நீதி முதன்முறையாகக் காகிதத்துக்கு வந்தது.

அதோடு பிறந்தது உள்விசாரணை என்ற சடங்கு. முதலில் மெமோ வரும். வாங்க மறுத்தால் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். பிறகு பதிவுத் தபாலில் போகும். அதுவும் திரும்பி வந்தால் நோட்டீஸ் போர்டில் ஏறும். விளக்கக் கடிதம் திருப்தி தராவிட்டால் சார்ஜ் ஷீட். பிறகு ஒரு சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி, பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த வக்கீல். ஒரு பக்கம் நிர்வாகத்துக்காக வாதாடுபவர். எதிர்ப்பக்கம் தொழிலாளி, பக்கத்தில் துணைக்கு ஒரு சக தொழிலாளி. சூப்பர்வைசர் சாட்சி சொல்வார்: 'கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை, அப்புறம் கெட்ட வார்த்தை சொன்னார்.' என்ன வார்த்தை என்று எழுத வேண்டுமா, வேண்டாமா என்பதில் பத்து நிமிடம் போகும். எழுதத்தான் வேண்டும், எழுதாவிட்டால் பின்னாளில் கோர்ட்டில் குற்றச்சாட்டே தெளிவில்லை என்று ஆகிவிடும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே ஒரு பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போனதைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் வழக்கு நடத்திய அனுபவம் பழைய சங்கக்காரர்கள் பலருக்கு உண்டு.

சடங்கு என்று சொன்னாலும் அதற்குள் உயிர் உண்டு. 1950-களின் பிற்பகுதி வரை, ஒருவரை நீக்கியது சரியா என்று தொழில் தீர்ப்பாயம் எந்த அளவுக்குப் பார்க்கலாம் என்பதே தெளிவில்லாமல் இருந்தது. அப்போது இந்தியன் அயர்ன் அண்ட் ஸ்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லை வகுத்தது: நல்லெண்ணம் இல்லாமல் செய்திருந்தால், பழிவாங்கியிருந்தால், இயற்கை நீதியை மீறியிருந்தால், ஆதாரமே இல்லாத முடிவாக இருந்தால் மட்டும் தலையிடலாம். 1965-இல் சங்கத்தின் துணை இல்லாத தனி ஆளின் நீக்கமும் தொழில் தகராறாகக் கருதப்படும் என்று தொழில் தகராறுச் சட்டம் திருத்தப்பட்டது. 1971-இல் வந்த 11-ஏ பிரிவு, தண்டனை அதிகமென்று தோன்றினால் அதைக் குறைக்கும் அதிகாரத்தையும் தீர்ப்பாயத்துக்குக் கொடுத்தது. 1982-இல் சஸ்பெண்டு ஆனவருக்கு முதல் தொண்ணூறு நாள் பாதிச் சம்பளம், அதற்கு மேல் முக்கால் சம்பளம் என்று ஆனது. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் பட்டினி கிடந்து நடத்திய வழக்கிலிருந்து வந்த மாற்றம்.

பெண்களின் குறைக்குத்தான் நாற்காலி கடைசியாகப் போடப்பட்டது. கோயம்புத்தூர் சின்னியம்பாளையத்தில் ரங்கவிலாஸ் ஆலைத் தொழிலாளர்கள் நான்கு பேர் 1946 ஜனவரி 8 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். ஆலைப் பெண் தொழிலாளி மீது நடந்த பாலியல் கொடுமையை ஒட்டி எழுந்த மோதலில் ஒருவர் செத்ததற்கான தண்டனை அது. அந்தக் கொடுமையைப் புகாராகக் கொண்டுபோக அந்தப் பெண்ணுக்கு ஆலைக்குள் ஓர் இடம் இருந்திருந்தால் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. பணியிடப் பாலியல் தொல்லைக்கென உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் வழிகாட்டுதல் தந்தது 1997-இல். சட்டம் வந்தது 2013-இல். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில்கூட உள்ளகக் குழு வேண்டும், தலைமை ஒரு மூத்த பெண் ஊழியரிடம், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் என்று அது சொல்கிறது. அந்த வெளி உறுப்பினர்தான் முக்கியம். பெரம்பூர் சபைக்காரர்களுக்கு இருந்த அதே தகுதி அவருக்கு: கம்பெனியின் சம்பளத்தில் இல்லாதவர். நடப்பில் பல கம்பெனிகள் அவரை நிர்வாகத்துக்குத் தெரிந்த வட்டத்திலிருந்தே எடுத்து அந்தத் தகுதியைக் கெடுத்துவிடுகின்றன.

உட்காரும் உரிமைக்கும் இதே தாமதம்தான். நின்று வேலை செய்பவருக்கு வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இடம் கொடு என்று 1948-இலேயே தொழிற்சாலைகளுக்குச் சட்டம் சொல்லிவிட்டது. தி.நகர் ஜவுளிக்கடையில் காலையிலிருந்து இரவு வரை நிற்கும் பெண்ணுக்கு அது பொருந்தவில்லை. அது கடை, தொழிற்சாலை இல்லை. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010-இல் வந்து எல்லோரையும் அழவைத்துப் போனது. தமிழ்நாடு அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி நாற்காலி போடச் சொன்னது 2021-இல்.

இதற்கிடையில் அந்த அதிகாரியின் பெயர்ப்பலகை மாறிக்கொண்டே வந்தது. 1936-இல் பம்பாயில் டாடா சமூகப் பணிப் பள்ளி, 1949-இல் ஜாம்ஷெட்பூரில் சேவியர் கல்லூரி, 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய சென்னை சமூகப் பணிப் பள்ளி என்று படித்த நல அலுவலர்களை உருவாக்கும் இடங்கள் வந்தன. ஆரம்பத்தில் இது சமூக சேவையின் கிளையாகவே கற்பிக்கப்பட்டது. பிறகு பெர்சனல் மேனேஜர் ஆனார். 1975-இல் லார்சன் அண்ட் டூப்ரோ, அகமதாபாத் பேராசிரியர்கள் உதய் பரீக், டி.வி.ராவ் இருவரின் யோசனைப்படி மனிதவள மேம்பாட்டுக்கென்று தனித் துறை அமைத்தது. அதன் பிறகு சமூகப் பணிப் பாடத்திலிருந்து நிர்வாகப் பாடத்துக்கு இந்தத் தொழில் குடிபெயர்ந்தது. கூடவே, ஒழுங்கு நடவடிக்கையைத் தொடாதே என்ற பழைய தடையும் உதிர்ந்துபோனது. தொழிற்சாலைச் சட்டத்தின் நல அலுவலருக்குத்தான் அந்தத் தடை, ஹெச்.ஆர். மேலாளரைப் பற்றி எந்த விதியும் பேசவில்லை. குறை கேட்பவரும் அவர், விசாரணை நடத்துபவரும் அவர், ஆட்குறைப்புப் பட்டியல் போடுபவரும் அவர். இந்த மூன்றையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டு, ஊழியர்கள் மனம் திறந்து பேசுவதில்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

பழைய மகாபலிபுரம் சாலையில் இது முகத்தில் அறைந்தது 2014-இன் கடைசியில். ஒரு பெரிய மென்பொருள் நிறுவனம் வேலைத்திறன் போதவில்லை என்று பலரை அனுப்பத் தொடங்கியபோது, கர்ப்பிணி ஊழியர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2015 ஜனவரியில் தன் நீக்கத்துக்கு இடைக்காலத் தடை வாங்கினார். நிறுவனம் நீக்க உத்தரவைத் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டு, தகவல் தொழில்நுட்ப ஊழியர்களும் சங்கம் வைக்கலாம், தொழில் தகராறுச் சட்டம் அவர்களுக்கும் உண்டு என்று தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியது. பலர் அதுவரை தாங்கள் தொழிலாளி என்றே நினைத்திருக்கவில்லை.

2020-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதுத் தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் கணக்கை மறுபடி மாற்றியிருக்கின்றன. நல அலுவலர் இனி 250 பேர் உள்ள இடத்திலேயே வேண்டும். இருபது பேர் இருந்தாலே இரு தரப்புக்கும் சமமான இடமுள்ள குறைதீர்ப்புக் குழு வேண்டும். இவை நல்லவை. ஆனால் நிலையாணை 300 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் கட்டாயம். 1946-இல் நூறு பேருக்குக் கிடைத்த அந்த வாசல் பலகை, நடுத்தர அளவு ஆலைகளில் இல்லாமல் போகும் என்பது சின்ன இழப்பு இல்லை.

தமிழ்நாட்டில் கடையிலோ அலுவலகத்திலோ வேலை செய்பவர்களுக்கு 1947-ஆம் ஆண்டின் மாநிலக் கடைகள் சட்டம் இன்னும் கைவசம் இருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீசும், அல்லது அதற்கான சம்பளமும் இல்லாமல் அனுப்பக் கூடாது என்கிறது அதன் 41-ஆம் பிரிவு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. மற்றவர்கள், ராஜினாமாக் கடிதத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று ஹெச்.ஆர். அறையில் சொன்னால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இந்தப் பிரிவை ஒருமுறை படித்துவிடுங்கள். நீக்கினால் மேல்முறையீட்டுக்குத் தொழிலாளர் துறை அதிகாரியிடம் போகலாம். நீங்களாகவே ராஜினாமா செய்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.